வெள்ளையாக வந்த வாக்குத்தத்த அட்டை

போன மாதம் எங்கள் செயற்கைக் கால் பட்டறையிலிருந்து பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்த பெண் அவள்.

"அக்கா, இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதான் ஏத்தணுமாம். புது ஃபார்ம் போட்டிருக்காங்க. நம்ம கார்டுல முதல் லைன் இருக்குமே, அது அதுல இல்ல. வேணும்னு கேட்டா, எதுக்குன்னு எழுதிக் குடுங்கன்னு சொல்றாங்க. நீங்க எழுதிக் குடுங்கக்கா. ஒரு பக்கம் போதும்."

ஒரு பக்கத்தில் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். எனவே பிரியா, இது கொஞ்சம் நீளும். உனக்கு வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. இப்போது காலைச் சுற்றி ஒரு கேமராவைக் காட்டினால் அளவு முழுவதும் திரையில் வந்துவிடுகிறதாம். மிக்க சந்தோஷம். முப்பது வருடம் மாவுக்கட்டு ஒட்டிய சேலையைத் துவைத்தவள் நான். யாராவது அந்தக் காலமே நல்ல காலம் என்று பெருமூச்சு விட்டால், அவர்களிடம் அந்தச் சேலைகளைக் கொடுத்துத் துவைக்கச் சொல்வேன்.

எங்கள் பட்டறை தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்தும் இடம். நான் முதலில் பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆறு வருடம் ஊசியும் தோலுமாகப் போனது. பிறகு தோல்வார் தைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இங்கே வந்தேன். தைக்க வந்தவள் அளவெடுக்கக் கற்றேன், அச்சு எடுக்கக் கற்றேன், கடைசியில் பொருத்துகிற வேலைக்கே வந்துவிட்டேன். படிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் வரதராஜன் சார். நெற்றியில் நாமம், பாக்கெட்டில் ஊதாப் பென்சில். நாக்கில் தொட்டு எழுதினால் அழியாத ஊதாவாக விழுமே, அந்தப் பென்சில். அதை நாள் முழுக்க நாக்கில் தொட்டுத் தொட்டு அவர் உதட்டோரம் எப்போதும் ஊதாவாகவே இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கை கண்ணாடிக்குப் போனாலே பட்டறையில் எல்லோரும் வேலையில் மும்முரமாகிவிடுவோம்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலாவது, யார் வந்தாலும் அளவுநாடாவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். போஸ்ட் கார்டு அளவில் வெள்ளை அட்டை ஒன்றை எடுத்துப் பெயர் எழுதி, அடுத்து "முதல் வேலை" என்று எழுதிக்கொண்டு நிமிர்வார். "இந்தக் கால் வந்ததும் முதல்ல என்ன செய்யணும்?" வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "நடக்கணும் சார்." அதை அவர் எழுதவே மாட்டார். "நடந்து?" என்பார். அதற்குப் பிறகு வருவதைத்தான் எழுதுவார்.

இரண்டாவது பழக்கம், கால் பொருத்தி நடக்கவிடும்போது அவர் பார்க்க மாட்டார். முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பதினைந்து அடி நீளத் தாழ்வாரம். போகும் சத்தத்தையும் வரும் சத்தத்தையும் காதால் கேட்பார். "காலைப் பார்த்தா நமக்கு அழகு தெரியும், அளவு தெரியாது" என்பார். இரண்டு காலடியும் ஒரே அளவாக விழும்வரை திரும்ப மாட்டார்.

அந்த முதல் கேள்வி எதற்கு என்பதை எனக்குப் புரியவைத்தவன் கோவளத்து எல்லப்பன். மீன்பிடிக்கிறவன். படகு இன்ஜின் விசிறியில் சிக்கி முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது.

"நடக்கணும் சார்."

"நடந்து?"

"போட்டைத் தள்ளணும் சார். அலைல தள்ளிக்கினு போயி ஏறணும்."

நான் அழகாகத் தோல்வாரும் இரும்புப் பூட்டும் வைத்து ஒரு கால் செய்யத் திட்டமிட்டிருந்தேன். உப்புத் தண்ணீரில் அது ஒரு மாதம் தாங்காது. சார் அந்த வரியைப் படித்துவிட்டு, என் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டார். மணலில் புதையாத அகலமான அடிப்பாகம், தண்ணீர் வடிய ஓட்டைகள், துருப்பிடிக்காத திருகுகள். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. எல்லப்பன் அதைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வாரமே கடலுக்குப் போனான். கரைக்கு வந்தால் அதைக் கழற்றி மணலில் நட்டு வலையை மாட்டிக் காயவைப்பானாம். மீன் நாற்றத்தோடும் ஈரத்தோடும் பட்டறைக்குக் கொண்டு வந்தபோது அவனை நான் திட்டிய திட்டு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பது தாம்பரம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

இனி என் கதை.

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். மற்ற மதத்தவர் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பூவோ மலையோ படம், மறுபக்கம் ஒரு வசனம். அந்த வருடம் முழுக்க ஆண்டவர் எனக்குச் சொல்லும் சொல் அது என்று வைத்துக்கொள்வோம். எடுத்ததும் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில் ஒரு சின்னப் போட்டியும் உண்டு. சிலர் வசனம் பிடிக்காவிட்டால் இன்னொன்று எடுக்கப் பார்ப்பார்கள். அப்படி எடுத்த இரண்டு பேரை நான் வரிசையில் நின்றே கண்டித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தண்ணீர்ப் பஞ்சம் வாட்டிய வருடங்களில் ஒன்று அது. தட்டில் கை வைத்தேன், எடுத்தேன், திருப்பினேன். ஒரு பக்கம் சிவப்பு ரோஜா. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. சுத்த வெள்ளை.

போதகர் ஐயா எட்டிப் பார்த்தார். "பிரஸ்காரன் கோட்டை விட்டுட்டான்மா. வேற ஒண்ணு எடுத்துக்கோ."

பின்னால் நின்றவர்களில் நான் கண்டித்த இரண்டு பேரும் இருந்தார்கள். எப்படி எடுப்பேன்? "எடுத்தது எடுத்ததுதான் ஐயா" என்று சொல்லி, வீராப்பாக வந்து வேதப்புத்தகத்தில் செருகி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஜெயசீலன் மட்டும் பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தார். "உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு ஆண்டவரே விட்டுட்டார் போல."

நாலு வாரம் கழித்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். நான் வேலைக்குக் கிளம்பிய சேலையோடு இரண்டு குடம் பிடித்துவிடலாம் என்று போனேன். டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்தான். எல்லோரும் நகர்ந்தார்கள். என் குடம் உருண்டது, அதைப் பிடிக்கக் குனிந்தேன். சக்கரம் என் இடது பாதத்தின் மேல் ஏறி நின்றது.

மருத்துவமனையில் மூன்று நாள் பார்த்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் செய்தது, போர்வையை விலக்கி எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று விரலால் அளந்ததுதான். பொருத்துவதற்கு நல்ல நீளம். "சரியாத்தான் வெட்டியிருக்காங்க" என்று நர்ஸிடம் சொன்னேன். அவள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அந்தத் தைரியமெல்லாம் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பேருக்கு "ஒண்ணும் இல்லம்மா, மூணே மாசம்" என்று சொன்ன வாய், தனக்கு வந்ததும் அடைத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை.

சின்ன வயதிலிருந்து விடியற்காலை எழுந்து கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள் நான். எங்கள் சபையில் நற்கருணை வாங்குவதும் பீடத்துக்கு முன் முழங்கால் போட்டுத்தான். படுத்துக்கொண்டு ஜெபிக்கலாம், உட்கார்ந்தும் ஜெபிக்கலாம். எனக்குத் தெரியாதா? நானே எத்தனை நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் படுத்தபடி வாயைத் திறந்தால், பெரியவர் முன்னால் காலை நீட்டிக்கொண்டு பேசுவது போலக் கூசியது. அதோடு மனசுக்குள் அந்த வெள்ளை அட்டை வேறு. எல்லோருக்கும் ஒரு சொல் கொடுத்தீரே, இந்த வருடம் இப்படி ஆகும் என்று தெரிந்தும் எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லையா?

சபைப் பெண்கள் வந்து பாட்டுப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். அதில் ஒரு அம்மா, "எல்லாம் தேவ சித்தம்" என்று என் தலையைத் தடவினார். "தேவ சித்தம் இல்ல, லாரில பின்னாடி பாக்கற கண்ணாடி சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர்கள் வரவில்லை.

வந்தவன் எல்லப்பன். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு பை வஞ்சிரத்தோடு, தன் கண்றாவிக் காலில் டக் டக்கென்று மாடிப்படி ஏறி வந்தான்.

"இன்னா யக்கா, இப்டிக் குந்திகினு கீற? கால் ஈரமாக் கீதுன்னு அன்னிக்கு என்னை இன்னா கிழி கிழிச்ச! உனக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதடா. உட்காரு."

"நான் எங்க அம்மனாண்ட சொல்லிட்டு வந்துகீறேன். நீ உன் சாமியாண்ட சொல்லிட்டியா?"

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். "நான் பேசறது இல்லடா."

"சண்டையா?"

 அவன் தலையைச் சொறிந்தான்.

"சண்டைன்னா வாயத் தொறந்து போடணும் யக்கா. நீ மூஞ்சத் திருப்பிக்கினு கெடந்தா அவருக்கு இன்னா தெரியும்? மீனு கெட்டுப்பூடும், அண்ணன்கிட்ட சொல்லி இப்பவே கழுவச் சொல்லு."

அவ்வளவுதான். போய்விட்டான். மறுநாள் காலையில் ஜெயசீலன் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் மேற்கூரையைப் பார்த்துப் படுத்தபடி வாயைத் திறந்தேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். என்ன ஐயா நினைத்துக்கொண்டிருக்கிறீர்? நான் எத்தனை பேருக்குக் கால் கொடுத்தேன்? என் காலை எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வெள்ளை அட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறீரே? போகப் போகக் குரல் ஏறிவிட்டது. லாரி டிரைவர், தண்ணீர் வாரியம், தேவ சித்தம் அம்மா என்று எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

ஜெயசீலன் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தார். "யாரு வந்திருக்கா? யார்கிட்ட சத்தம் போடறே?"

"ஆண்டவர்கிட்ட."

அவர் கை நுரையை உதறினார். "சரி, முடிச்சிட்டுக் கூப்பிடு. காபி போடறேன்" என்று போய்விட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தால் அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் வழக்கமாக ஜெபிக்கும் நேரம் அதுதான். அப்போது எனக்கு வந்த சிரிப்பை எப்படிச் சொல்ல? பேச்சு வார்த்தை இல்லை என்று இத்தனை வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன், இதோ அரை மணி நேரமாக அவரோடுதான் பேசியிருக்கிறேன். திட்டியதும் அவரைத்தான், கேட்டுக்கொண்டிருந்ததும் அவர்தான். பதில் எதுவும் காதில் விழவில்லை. ஆனால் அறையில் நான் தனியாக இல்லை என்பது, பக்கத்தில் ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது போல அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. அழுதேன். அது நல்ல அழுகை. காபியும் நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று கோயிலுக்கு நடந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும். ஆறு வாரம்தான் இருந்தது.

இங்கேதான் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வெட்டிய கால் முதல் மாதங்களில் வீங்கியிருக்கும். பிறகு வாரா வாரம் சுருங்கும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று இடத்தில் நாடா வைத்துச் சுற்றளவு எடுப்போம். தொடர்ந்து இரண்டு திங்கட்கிழமை மூன்று அளவும் மாறாமல் வந்தால்தான் அச்சு எடுப்போம். அவசரப்பட்டு எடுத்தால் செய்த கால் பத்தே நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். "இந்த வாரமே எடுத்துடுங்களேன்" என்று கெஞ்சுகிறவர்களிடம் எத்தனை முறை நான் முடியாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்!

என்னால் அலைய முடியாது என்பதால், "நீதான் அளக்கத் தெரிஞ்சவளாச்சே, வீட்டிலேயே அளந்து போன் பண்ணு" என்றார் சார். முதல் அட்டையையும் என்னையே எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் வேலை என்ற இடத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "நடக்க." எல்லா நோயாளியும் சொல்லும் அதே பதில். சாரிடம் முழங்கால் சமாச்சாரத்தைச் சொல்ல ஏனோ கூச்சம்.

திங்கட்கிழமை அளந்தேன். போன வாரத்தைவிட அரை அங்குலம் குறைந்திருந்தது. அச்சு எடுக்கும் அன்று சார் தானே ஒருமுறை அளப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த வார அளவை உண்மையாகவே சொன்னேன். போன வாரம் சொன்னதைத்தான் மாற்றினேன். "சார், போன வாரம் நாடா தளர்ந்துடுச்சு, தப்பாச் சொல்லிட்டேன். அதுவும் இதே அளவுதான்." வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். நான் சொன்னதால் நம்பினார். அட்டையில் திருத்திக்கொண்டார். அந்த வாரமே அச்சு எடுத்தார்கள்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு காலை, புதுச் சேலை, புதுக் கால். அதற்குள்ளாகவே கால் சுருங்கி உள்ளே ஆடியது. மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் திணித்தேன். கோயில் நடுவில் நான் நடந்து போனபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவ சித்தம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பீடத்துக்கு முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்தேன்.

மடியவில்லை. சாக்கெட் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிண்ணத்தின் பின் விளிம்பு தொடையில் கத்தி மாதிரிக் குத்தியது. வலியில் உடம்பைத் திருப்பினேன். தொளதொளவென்று இருந்த செயற்கைக் கால் அப்படியே அரைச் சுற்று சுற்றிவிட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு குழந்தை கோயில் முழுக்கக் கேட்கும்படி கத்தியது:

"அம்மா, ஆன்ட்டி கால் பின்னாடி பாக்குது!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் இடது பாதத்தின் விரல்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. போதகர் ஐயா கம்பிக் கதவைத் திறந்து கீழே இறங்கி வந்து, தரையில் என் எதிரிலேயே குனிந்து அப்பத்தைக் கையில் வைத்தார். "உட்கார்ந்தே வாங்கிக்கோம்மா. அவரும் தரையில நடந்தவர்தான்" என்றார் மெதுவாக. நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் குழந்தை இன்னும் கண் கொட்டாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும்தான்.

மறுநாள் ஜெயசீலன் லேத் வேலைக்குத் திருமுடிவாக்கம் போகும் வழியில் ஆட்டோவில் என்னைப் பட்டறையில் இறக்கிவிட்டார். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அளவை மாற்றியதையும்.

சாரின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பேஷண்ட் யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே, லில்லி?"

"மர ஸ்கேலால ரெண்டு போட்டிருப்பேன் சார்."

"எனக்கு அது வராது." என் பழைய அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்துப் பிளாஸ்டர் தூள் கூடையில் போட்டார். "புதுசா ஆரம்பிப்போம்."

மேசையில் வெற்று அட்டை தீர்ந்துபோயிருந்தது. பெஞ்சில் என் பை திறந்து கிடந்தது, அதில் வேதப்புத்தகம், அதிலிருந்து ஒரு வெள்ளை அட்டையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நம் பட்டறை அட்டை என்று நினைத்து உருவினார். நான் தடுக்கக் கையை நீட்டுவதற்குள் அவர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். லில்லி புஷ்பம். இடது. முழங்காலுக்குக் கீழ். பிறகு அடுத்த வரி.

"முதல் வேலை?"

"நடக்கணும் சார்."

"நடந்து?"

"கோயிலுக்குப் போகணும்."

"போயி?"

இருபது வருடமாக அந்தக் கேள்வியை அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அது என்மேல் விழும்போது இப்படி உள்ளே இறங்கும் என்று எனக்குத் தெரியாது.

"முழங்கால் போடணும் சார்."

எழுதினார். பிறகு நாடாவை எடுத்து என் கையில் வைத்தார். "இனிமேலும் நீதான் அளக்கப் போறே. திங்கட்கிழமை போன் பண்ணு." திருடியவளிடமே சாவியைக் கொடுத்தார். அதற்கு அந்த மர ஸ்கேல் எவ்வளவோ தேவலை.

ஏழு திங்கட்கிழமை ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் உள்ளது உள்ளபடி சொன்னேன். குறைந்தால் குறைந்தது என்றேன். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ ஜெபித்தேன். கூச்சம் போய்விட்டது. பொறுமையைக் கொடும் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை, அது எனக்குத் தேவைப்படும் என்று தோன்றியதில்லை. அந்த ஏழு வாரமும் வாரா வாரம் கேட்டேன், அந்தந்த வாரத்துக்குப் போதுமான அளவு கிடைத்தது.

அதற்குள் சார் பட்டறையில் ஒரு காரியம் செய்தார். முழங்கால் போடுவது எப்படி என்று தனக்குத் தெரிய வேண்டும் என்று, நாமத்தோடு சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இப்படியே எவ்வளவு நேரம்?"

"அரை மணி சார்."

"அரை மணியா? அவ்வளவு நேரம் என்னம்மா கேக்கறே?"

"பாதி நேரம் உங்களுக்காகத்தான் சார்."

"அப்ப இன்னும் வசதியாச் செஞ்சிடணும்" என்று எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

கிண்ணத்தின் பின் விளிம்பை ஒரு கட்டைவிரல் அகலம் இறக்கினார். பின்னால் இறக்கினால் பிடிமானம் குறையும். அதை ஈடுகட்ட முன்பக்கம் முட்டிக்குக் கீழே ரப்பர் மெத்தை வைத்துக் கொஞ்சம் இறுக்கினார். இரண்டு முறை சரியாக வரவில்லை. இறக்கியது அதிகமாகி நடக்கும்போது கால் நழுவியது. மறுபடி அச்சு, மறுபடி வெட்டு. விளிம்பில் சுருட்டித் தைக்க வேண்டிய மெல்லிய தோலை மட்டும் யாரையும் தொடவிடவில்லை, நானே தைத்தேன். பல்லாவரத்துக் கை இன்னும் மறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பொருத்திப் பார்த்தோம். சார் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். தாழ்வாரத்தில் போனேன், வந்தேன். டக், டக். "இன்னொரு தடவை." போனேன், வந்தேன். "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. ஆனால் திரும்பவில்லை. அட்டையில் எழுதிய வேலை இன்னும் பாக்கி இருந்தது.

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மடித்தேன். குத்தவில்லை. இன்னும் மடித்தேன். வலது முட்டி தரையைத் தொட்டது. பிறகு இடது. ஐந்து மாதத்துக்குப் பிறகு இரண்டு முழங்காலும் ஒரே தரையில் இருந்தன. 

சத்தம் நின்றதும் சார் கேட்டார். "என்ன ஆச்சு?"

"முழங்கால் போட்டிருக்கேன் சார்."

அவர் திரும்பவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சரி. நீ முடிச்சிட்டுச் சொல்லு. அப்புறம் திரும்பறேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை. நான் அரை மணியெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை, மனிதருக்குப் பசிக்குமே. ஆனால் அவருக்குச் சேர வேண்டிய பாதியை விடாமல் ஜெபித்தேன். ஆமென் என்றதும் அவர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பார்த்ததில் கோபம் இல்லாமல் அவர் கண்ணாடி துடைத்தது அந்த ஒரு முறைதான்.

அப்புறம்தான் அந்த அட்டை என்ன அட்டை என்று அவரிடம் சொன்னேன். திருப்பி ரோஜாவைப் பார்த்தார், பதறிப்போனார். "ஐயோ, சாமி கார்டுலயா இத்தனை நாள் கிறுக்கினேன்?" விரலை ஈரமாக்கி அழிக்கப் பார்த்தார். அந்தப் பென்சில் ஈரம் பட்டால் இன்னும் நன்றாக எடுப்பாகத் தெரியும். அதை அவருக்கே நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அட்டையை இரண்டு கண்ணிலும் ஒற்றி என்னிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அந்தத் தாழ்வாரத்தில் என் சொந்தக் காலடியோடு நடந்து மற்றவர்களுக்குக் கால் பொருத்தினேன். யாராவது "உங்களுக்கென்ன தெரியும்?" என்று கேட்டால் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் போதும். வாயை மூடிக்கொள்வார்கள். எல்லப்பன் மட்டும் மூட மாட்டான். "யக்கா, உன் கால் பளபளன்னு கீது, என்னுதைப் பாரு" என்று ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பான்.

பிரியா, உன் ஃபார்மில் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் அந்த வரி இருக்கட்டும். "நடக்க" என்று யாராவது சொன்னால் எழுதிவிடாதே. "நடந்து?" என்று கேள்.

இப்போதும் ஒவ்வொரு புத்தாண்டுக் காலையும் அட்டை எடுக்கிறேன். எல்லாவற்றிலும் வசனம் இருக்கிறது. வருடம் முடிந்ததும் டிராயருக்குப் போய்விடும். வேதப்புத்தகத்தைவிட்டு நகராமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் ரோஜா, மறுபக்கம் சாரின் ஊதாக் கையெழுத்தில் என் பெயரும், "முதல் வேலை: முழங்கால் போட" என்ற வரியும். அதன் கீழே ஏழு திங்கட்கிழமைகளின் அளவுகள். கடைசி இரண்டு வரிசையும் ஒன்றுபோல இருக்கும். அளந்தது நான்தான். அத்தனையும் உண்மை.